ஓய்வு நேரம் யாருடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டில் 'ஓய்வு' என்று ஒரு சின்னப் பாடம் உண்டு. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் வராது என்பதால் பருவத்தின் கடைசி வாரத்தில் ஓட்டமாக ஓடி முடிப்போம். ஓய்வைப் பற்றிப் பேச எங்களுக்கே நேரம் இருப்பதில்லை. ஆனாலும் மற்றப் பாடங்களில் வாயே திறக்காதவர்கள்கூட இதில் கேள்வி கேட்பார்கள். வருடா வருடம் வரும் அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். தேர்வுக்கு மட்டும் போதும் என்பவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஓய்வு நேரம் என்றால் என்ன? வேலை இல்லாத நேரம் என்று சொல்லிவிடலாமா?

பல புத்தகங்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. ஒரு நாளின் 24 மணி நேரத்தில் சம்பள வேலையைக் கழி, தூக்கத்தைக் கழி, சாப்பாடு, குளியல், வீட்டு வேலை, பயணம் எல்லாவற்றையும் கழி; மிச்சம் ஓய்வு. இது கழித்தல் கணக்கு. ஆனால் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுக் கேட்டபடி வருபவரும், அதே பெட்டியில் ஒற்றைக் காலில் தொங்கி வருபவரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

இரண்டாவது வழி, செயலை வைத்துச் சொல்வது. சினிமா, விளையாட்டு, அரட்டை, டிவி எல்லாம் ஓய்வு. மற்றவை ஓய்வில் சேராது. எண்ணுவதற்கு வசதி என்பதால் அரசுக் கணக்கெடுப்புகள் இப்படித்தான் பட்டியல் போடுகின்றன. இதிலும் ஓட்டை உண்டு. காலை ஐந்தரைக்கு வாசல் தெளித்துப் போடும் கோலம் ஒருத்திக்கு அன்றாடக் கடமை. மார்கழியில் எதிர்வீட்டுக்காரியோடு போட்டி போட்டு 21 புள்ளி வைத்து அவளே போடும்போது அந்தக் கோலமே வேறு.

மூன்றாவது வழி, மனநிலையை வைத்துச் சொல்வது. நானாக விரும்பிச் செய்கிறேனா என்பதுதான் கேள்வி. நல்ல கேள்விதான், ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விடை தெரியாது. செய்பவருக்கே பல சமயம் தெரியாது.

வகுப்பில் நான் ஒரு முரட்டு அளவுகோல் வைத்திருக்கிறேன்: கூப்பிட்டால் எழுந்து போக வேண்டுமா? முதலாளியோ, மாமியாரோ, குக்கரோ, கைப்பேசிச் செயலியோ கூப்பிட்ட மாத்திரத்தில் எழுந்தாக வேண்டும் என்றால் நீங்கள் ஓய்வில் இல்லை, காத்திருக்கிறீர்கள். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. சில இடங்களில் இடறவும் செய்யும். இடறும் இடம் வரும்போது சொல்கிறேன்.

ஓய்வு, பொழுதுபோக்கு, விடுமுறை, சும்மா இருப்பது – எல்லாம் ஒன்றுதானே?

சொற்களைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தால் ஒன்றில்லை என்று தெரியும். 'ஓய்தல்' என்றால் நின்றுபோதல். மழை ஓய்ந்தது, சண்டை ஓய்ந்தது என்கிறோம். அப்படியானால் ஓய்வுக்கு முன்னால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். வேலையிலிருந்து நிரந்தரமாக விலகுவதற்கும் இதே சொல்லை வைத்திருக்கிறோம்: ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓய்வூதியம். பொழுதுபோக்கில் பொழுது என்பது எப்படியாவது தள்ளிவிட வேண்டிய சரக்கு. விடுமுறை என்றால் யாரோ விட வேண்டும். அனுமதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓய்வு நேரத்தைக் குறிக்கும் சொல்லும் லத்தீனில் 'அனுமதிக்கப்பட்டது' என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான்.

கிரேக்கர்கள் ஓய்வை 'ஸ்கோலே' என்றார்கள். நாம் சொல்லும் ஸ்கூல் அதிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்துக்கும் ஓய்வுக்கும் ஒரே வேர் என்று சொன்னால் எந்த மாணவரும் நம்புவதில்லை. லத்தீனில் ஓய்வுக்கு 'ஓட்டியம்'. தொழிலுக்கு 'நெகோட்டியம்', அதாவது ஓய்வின்மை. ஓய்வுதான் மூலம், தொழில் அதன் எதிர்மறை. நாம் இன்று தலைகீழாக, வேலையை வைத்து ஓய்வை அளக்கிறோம்.

நம்மிடம் இருக்கும் வேடிக்கையான சொல் 'சும்மா'. முருகன் அருணகிரிநாதருக்குச் செய்த உபதேசமே 'சும்மா இரு' என்பதுதான் என்பார்கள். அடைவதற்கு அதைவிடக் கடினமான நிலை இல்லையாம். அதே சொல்லை எடுத்து, நாலு பேருக்குச் சமைத்துப் பாத்திரம் கழுவி முடித்த பெண்ணைப் பார்த்து, "வீட்ல சும்மாதானே இருக்கே" என்கிறோம்.

அந்தக் காலத்துக் கிராமத்தில் எல்லாரும் நிம்மதியாக ஓய்வெடுத்தார்களே, இப்போதுதானே கெட்டுப்போனது?

எல்லாரும் என்பதில்தான் சிக்கல்.

கிராமத்து வேலைக்குக் கடிகாரம் கிடையாது, பருவம் உண்டு. நடவும் அறுப்பும் முதுகை ஒடிக்கும். அறுவடை முடிந்தால் கை ஓயும். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோவில்களில் கோடையில் பாரதம் வைப்பது, அதாவது மகாபாரதக் கதையைத் திருவிழாவாக நடத்துவது, அதை ஒட்டித்தான். பகலில் பிரசங்கம், இரவு முழுக்கக் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. வேலைக்குள்ளேயும் பாட்டு இருந்தது. நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் பொழுதுபோக்கா, வேலைக் கருவியா என்று பிரிக்க முடியாது. பிரெஞ்சு சமூகவியலாளர் ஜோஃப்ர் துமாஸெதியே, ஓய்வு நேரம் என்பதே தொழிற்சாலைச் சமூகத்தில் பிறந்தது, அதற்கு முன்னால் இருந்தவை திருவிழாவும் பருவமும் விதித்த இடைவெளிகள்தான் என்று வாதிட்டார். எனக்கு அது பெருமளவு சரி என்றே படுகிறது.

அப்புறம் திண்ணை. திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியதை எல்லாரும் ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும், யார் அந்தத் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தஞ்சைப் பக்கத்துப் பண்ணையாளுக்குத் தன் பகலும் இரவும் சொந்தமில்லை. ஆண்டை கூப்பிட்டால் எந்நேரமும் போயாக வேண்டும். கிரேக்கத்திலும் இதே கதைதான். தத்துவம் பேச ஏதென்ஸ் குடிமகனுக்கு ஓய்வு இருந்தது. அவன் வீட்டு வேலையைச் செய்ய அடிமைகள் இருந்தார்கள். ஒருவருடைய ஓய்வைப் பார்த்தால், அதை யார் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் குனிந்து பார்ப்பது நல்லது.

எட்டு மணி நேரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

பிரிட்டனில் நூற்பாலை நடத்திய ராபர்ட் ஓவன் 1817இல் ஒரு நாளை மூன்றாக வெட்டினார்: எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் உறக்கம். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. கிடைப்பதற்குத் தலைமுறைகள் ஆயின. 1856 ஏப்ரல் 21 அன்று மெல்பர்னில் கல்தச்சர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு ஊர்வலம் போய் எட்டு மணி நேரத்தை வாங்கினார்கள். 1886 மே மாதம் சிகாகோவில் அதே கோரிக்கைக்காக நடந்த போராட்டத்தில் ரத்தம் சிந்தியது. மே தினம் அதிலிருந்து வந்தது. 1919இல் தொடங்கிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே வேலை நேரத்தைப் பற்றியது: நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம்.

இந்தியாவில் 1881இன் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்களின் வேலை நேரத்தை மட்டும்தான் தொட்டது. 1891இல் பெண்களுக்கு 11 மணி நேரம் என்று வரம்பு வந்தது. பிறகு வாரக் கணக்கு: 1922 சட்டத்தில் 60 மணி நேரம், 1934இல் 54, 1946 திருத்தத்தில் 48. கடைசி மாற்றத்தின்போது வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அம்பேத்கர் கையில் இருந்தது. 1948 சட்டம் வாரம் 48 மணி நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது விட வேண்டும் என்றும் சொன்னது.

அந்த அரை மணி நேரம் சும்மா வரவில்லை. சென்னையில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, சங்கத் தலைவரான பி.பி. வாடியாவிடம் சொன்ன குறைகளில் ஒன்று மதிய இடைவேளை போதவில்லை என்பது. சாப்பாட்டை விழுங்கிவிட்டு ஓட வேண்டியிருந்தது. ஐந்து வருடம் கழித்து, 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களைச் சென்னையில் இரண்டு இடங்களில் நடத்தினார். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை, இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பத்தோடு போய்ச் சுண்டல் வாங்கிச் சாப்பிடுகிறோமே, அதே மணல்தான்.

அப்படியானால் ஓய்வு என்பது சட்டப்படி உரிமையா, சலுகையா?

1948இன் உலக மனித உரிமைப் பிரகடனம் 24ஆம் பிரிவில் ஓய்வையும் ஓய்வு நேரத்தையும் உரிமை என்றே சொல்கிறது. சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் அதில் உண்டு. நம் அரசமைப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, எல்லாத் தொழிலாளர்களும் ஓய்வு நேரத்தை முழுமையாக அனுபவிக்கும்படியான நிலையை உண்டாக்க அரசு முயல வேண்டும் என்கிறது. ஆனால் இது வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. கிடைக்கவில்லை என்று நீதிமன்றப் படியேறிக் கேட்க முடியாது.

நடைமுறையில் ஓய்வுச் சட்டங்கள் எவ்வளவு சின்ன விஷயத்தில் தொடங்க வேண்டியிருக்கிறது பாருங்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தார்கள். ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றே புடவை விரித்துக் காட்டும் பெண்கள், வாடிக்கையாளர் இல்லாத பத்து நிமிடத்தில் உட்காரலாம் என்பதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. பார்த்துக்கொண்டு வாங்கிக்கொண்டு போன நம்மில் எத்தனை பேருக்கு அது உறைத்தது?

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அப்போது ஒரு மாணவர் கேட்டார்: "வாரம் 48 மணி நேரம் மாறாது என்கிறார்களே சார், நாலு நாள் உழைத்து மூன்று நாள் லீவு எடுத்தால் நல்லதுதானே?" நல்ல கேள்வி. எந்த மூன்று நாள் என்று யார் முடிவு செய்வார்கள் என்று திருப்பிக் கேட்டேன். பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தின் முன்னால் நின்றவர் மறுநாள் தூங்குவது ஓய்வா, பழுது பார்த்தலா என்றும் கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. இன்னும் பிரிந்தேதான் இருக்கிறது.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கு நிறைய ஓய்வு இருக்கிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் எப்போதும் ஒரு பையன்தான். திட்டுவதில்லை, எண்களைக் காட்டுகிறேன்.

இந்திய அரசு 2019இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்கள், ஆண்கள் 97 நிமிடங்கள். 2024இல் மறுபடி எடுத்தார்கள்: பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்படலாம். ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது.

அடுத்த எண்தான் வகுப்பைக் குழப்பும். பண்பாடு, பொழுதுபோக்கு, ஊடகம், விளையாட்டு என்ற தலைப்பில் 2024இல் ஆண்களுக்கு 177 நிமிடங்கள், பெண்களுக்கு 164. பெரிய வித்தியாசம் இல்லை. "அப்புறம் என்ன சார் பிரச்சினை?"

பிரச்சினை நிமிடத்துக்குள்ளே இருக்கிறது. அப்பா டிவி பார்ப்பதையும் அம்மா டிவி பார்ப்பதையும் ஒரு மாலை முழுக்கக் கவனியுங்கள். அப்பா பார்க்கிறார், அவ்வளவுதான். அம்மா சீரியல் பார்த்துக்கொண்டே பூண்டு உரிக்கிறார். காது ஒன்று குக்கரில் இருக்கிறது. மூன்றாவது விசில் வந்ததும் கதாநாயகி அழுதாலும் விட்டுவிட்டு எழுகிறார். திரும்பி வருவதற்குள் விளம்பரம். வந்து உட்கார்ந்தால் யாரோ தண்ணீர் கேட்கிறார்கள். அரை மணி நேரம் டிவி என்று கணக்கெடுப்பவர் எழுதிக்கொள்வார். உண்மையில் அது ஐந்தாறு நிமிடத் துண்டுகளாகக் கிழிந்த அரை மணி நேரம். கூப்பிட்டால் எழுந்து போக வேண்டுமா என்ற அளவுகோலை நான் கண்டுபிடித்ததே எங்கள் வீட்டு ஹாலில்தான். கூப்பிடுபவனாக இருந்தது நான்.

நேரம் மட்டுமில்லை, இடமும் வேண்டும். ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு உண்டு, சலூன் உண்டு, குட்டிச்சுவர் உண்டு. ஒரு பெண் காரணமே இல்லாமல் தெருமுனையில் அரை மணி நேரம் நின்றால் நாலு பேர் விசாரிப்பார்கள். அதனால் பெண்களின் ஓய்வு எப்போதும் ஒரு காரணத்தைப் போர்த்திக்கொண்டுதான் வெளியே வரும்: கோவில், காய்கறி, ரேஷன், பிள்ளையை டியூஷனில் விடுவது. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, எல்லாரும் வேலைக்குப் போகும் பெண்களின் மிச்சத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி மத்தியானம் சும்மா பஸ் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், ஒரு காபி குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புகிறார். எங்கே போனீங்க என்று கேட்டால் கோவிலுக்கு என்பார்.

போனில் ரீல்ஸ் பார்ப்பது ஓய்வா?

சில சமயம். பத்து நிமிடம் என்று எடுத்து ஒன்றரை மணி நேரம் போய், வைத்தபிறகு எரிச்சல் வருகிறது என்றால், கூப்பிட்டது போன். எழுந்து போனது நீங்கள். தாத்தா வெற்றிலை போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்ததும் இதுவும் ஒன்றுதானே என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டார். பாதி ஒன்றுதான். தெருவுக்கு அவர் எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதில் லாபம் இல்லை என்பது மீதிப் பாதி.

எனக்குப் பிடித்த விஷயத்தை மெனக்கெட்டுச் செய்கிறேன். வேலையைவிடக் களைப்பாக இருக்கிறது. இதுவும் ஓய்வா?

ஆமாம். கனடாவைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டெபின்ஸ் 1982இல் இதற்குத் 'தீவிர ஓய்வு' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். டிவி பார்ப்பது, படுத்துக்கிடப்பது எல்லாம் சாதாரண ஓய்வு. பயிற்சி, விடாமுயற்சி, கொஞ்சம் பைத்தியம் மூன்றும் தேவைப்படுவது தீவிர ஓய்வு. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எழுந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தொலைநோக்கியோடு நாரை எண்ணப் போகிறவர், வட்டெழுத்துக் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்ளும் வங்கி ஊழியர், மொட்டை மாடியில் 12 வகைக் கத்தரி வளர்ப்பவர் எல்லாரும் இந்த வகை. இவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பினால்கூடக் கோபம் வராது. நாரை வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

ஒரே ஆபத்து, சுற்றியிருப்பவர்கள் சொல்லும் அந்த வாக்கியம்: "இவ்ளோ நல்லா பண்றீங்க, யூடியூப்ல போடலாமே, ரெண்டு காசு வருமே." போட்ட மறுநாளிலிருந்து வாரம் இரண்டு வீடியோ என்று கணக்கு ஏறும். கத்தரிச்செடிக்கு ஒரு முதலாளி வந்துவிடுவார். காசு வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் வேறொரு ஓய்வு தேடிக்கொள்ளுங்கள்.

டெலிவரி ஊழியர்கள் மரத்தடியில் வண்டியைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அது?

அது காத்திருப்பு. அடுத்த ஆர்டர் வரும்வரை சம்பளமும் இல்லை, கிளம்பிப் போகவும் முடியாது. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. இவர்களுக்கு ஊத ஒரு சங்கே இல்லை. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இவர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை ஒன்று திறந்தது. கழிப்பறை, குடிநீர், போன் சார்ஜ் போடும் வசதி எல்லாம் பெரிய ஆறுதல். ஆனாலும் போன் பக்கத்தில்தான் இருக்கும், காதும் அதிலேயேதான் இருக்கும்.

ஐடி வேலையில் இரவு பதினோரு மணி வாட்ஸ்அப் செய்தியும் இதே இனம், சம்பளம்தான் வேறு. வேலை நேரத்துக்கு வெளியே அலுவலக அழைப்பைத் தவிர்க்கும் உரிமை பிரான்சில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல் சட்டத்தில் இருக்கிறது.

இயந்திரமும் கணினியும் வந்தால் வேலை குறையும் என்றார்களே, ஏன் குறையவில்லை?

பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கீன்ஸ் 1930இல் ஒரு கட்டுரை எழுதினார். நூறு வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் காலத்தில் வாரம் 15 மணி நேரம் வேலை செய்தால் போதும், மனிதனின் உண்மையான சிக்கல் ஓய்வை என்ன செய்வது என்பதாகத்தான் இருக்கும் என்றார். அந்த நூறு வருடம் இதோ முடியப்போகிறது. செல்வம் பெருகும் என்று அவர் சொன்னது பணக்கார நாடுகளில் பலித்தது; 15 மணி நேரம் பலிக்கவில்லை. போதும் என்ற இடம் வரும், மனிதர்கள் அங்கே நிற்பார்கள் என்று நம்பிவிட்டார். போதும் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் வரப்பு. பெருகிய செல்வம் எல்லார் வீட்டுக்கும் ஒரே அளவில் போகவும் இல்லை.

இன்னொன்று, கௌரவம் இடம் மாறிவிட்டது. அமெரிக்கரான தோர்ஸ்டீன் வெப்லன் 1899இல் ஓய்வு வர்க்கத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது, வேலை செய்யாமல் இருப்பதைக் காட்டிக்கொள்வதுதான் பணக்காரனின் பெருமை. நம் ஊர் மிராசுதாரின் சாய்வு நாற்காலியும் விசிறி வீச ஓர் ஆளும் அதே ரகம். இன்று கல்யாண வீட்டில், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "செம பிஸி" என்பதுதான் பெருமையான பதில். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொல்லி நாடே விவாதித்தது. உழைப்பில் ஆர்வம் உள்ளவர் சொன்னார், தப்பில்லை. அந்த 70 மணி நேரத்தில் அவரவர் வீட்டுச் சோற்றை யார் பொங்குவது என்பது மட்டும் விவாதத்தில் அதிகம் வரவில்லை.

லீவில் ஊட்டிக்குப் போய்விட்டு வந்தால் ஏன் இன்னும் களைப்பாக இருக்கிறது?

எல்லாருக்கும் ஒரே நாளில் ஓய்வு விட்டால் அப்படித்தான். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன ஏற்பாடு. ஓய்வெடுக்க விண்ணப்பம் போட்டு, மலைப்பாதையில் வரிசையில் நின்று, எட்டு இடத்தை ஒரே நாளில் 'கவர்' பண்ணி, ஒவ்வொன்றிலும் படம் எடுத்துத் திரும்பினால் அது ஷிப்ட் இல்லாமல் வேறென்ன? 1926இல் ஹென்றி ஃபோர்டு தன் ஆலைகளில் வாரம் ஐந்து நாள் வேலை என்று கொண்டுவந்தபோதே, ஓய்வு இருப்பவன்தான் பொருள் வாங்குவான் என்று வெளிப்படையாகச் சொன்னார். கார் விற்றது.

வேலை இல்லாதவர்களுக்கும் ரிட்டயர் ஆனவர்களுக்கும் நாள் முழுக்க ஓய்வுதானே?

என் அளவுகோல் இடறும் இடம் இதுதான்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஓர் ஆலைக் கிராமம். 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டு, ஊரே வேலையிழந்தது. மரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸல் என்ற மூன்று இளம் ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்து 1933இல் எழுதினார்கள். நேரம் கொட்டிக்கிடந்தது. ஊர் நூலகத்தில் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். எல்லாரும் படித்துத் தள்ளியிருப்பார்கள் என்று நினைப்போம். இரவல் எடுத்த புத்தகங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம் குறைந்து, வழியில் நின்று நின்று போனார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள்; அவர்களுக்குச் சமையலும் துவைப்பும் அப்படியே இருந்தன.

யாருமே கூப்பிடாத நேரமும் ஓய்வாகவில்லை. கூப்பிட ஓர் இடம் இருக்க வேண்டும், அங்கே இப்போது போக வேண்டாம் என்றும் இருக்க வேண்டும். பணி ஓய்வு பெற்ற முதல் மாதம் ஜாலியாக இருந்துவிட்டு, மூன்றாம் மாதத்தில் பழைய அலுவலகத்துக்கு "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு" வருகிற பெரியவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். மரியாதைக்கு டீ கொடுப்பார்கள். நாலாவது தடவை டீ வராது.

குழந்தைகளுக்கு?

1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 31ஆம் பிரிவில் ஓய்வும் விளையாட்டும் உரிமை என்கிறது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு போவது அந்தப் பிரிவுக்கு எதிரானதா என்று ஒரு மாணவர் கேட்டார். எதிரானதுதான். கோடை முகாமும் அப்படித்தான். காலை கராத்தே, அப்புறம் ஹிந்தி, மாலை கீபோர்டு என்று அட்டவணை போட்டு விளையாட விடுவது. போரடிக்குதும்மா என்று குழந்தை சொன்னால் பெற்றோர் பதறுகிறார்கள். பதற வேண்டாம். அதற்கடுத்த அரை மணி நேரத்தில்தான் தீப்பெட்டி ரயில் பிறக்கும்.

காசு இல்லாமல் ஓய்வு சாத்தியமா?

சாத்தியம், ஆனால் அதற்கு ஊர் செலவு செய்ய வேண்டும். மெரினாவுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கப் பணம் கேட்பதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள்தான் அங்கே அதிகம் என்று சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அவர்கள் வீட்டில் படிக்க இடமில்லை என்பதுதான் அதன் அர்த்தம். பூங்காவில் ஒரு பெஞ்சு, நிழல், சுத்தமான கழிப்பறை, இரவு ஒன்பது வரை விளக்கு. இந்த நான்கும் இருந்தால் ஒரு தெருவின் மாலை நேரமே மாறிவிடும். இவற்றுக்குப் பதில் மாலில் ஏசி இருக்கிறதே என்பார்கள். மாலில் எதுவும் வாங்காமல் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

எனக்கு எவ்வளவு ஓய்வு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அரசுக் கணக்கெடுப்பில் செய்வது போலவே செய்யலாம். காலை நான்கு மணியிலிருந்து மறுநாள் காலை நான்கு வரை, அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டம், மொத்தம் 48. ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு வேலை என்றால் இரண்டையும் எழுதுங்கள். நான் கூடுதலாக ஒரு பத்தி சேர்ப்பேன்: அந்த அரை மணி நேரத்தில் எத்தனை தடவை எழுந்தீர்கள்.

வகுப்பில் இதை வீட்டுப்பாடமாகக் கொடுப்பேன். தனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அம்மாவிடம் கேட்டு எழுத வேண்டும். போன வருடம் ஒரு மாணவி கொண்டுவந்த தாளில் மத்தியானம் இரண்டரை மணிக் கட்டத்தில் அம்மா சொன்னபடி 'சும்மா இருந்தேன்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே, பென்சிலில், மகளின் கையெழுத்தில் பொடியாக: 'முருங்கைக்கீரை உருவினாங்க. மூணு தடவை எழுந்தாங்க. ரெண்டு தடவை நான் கூப்பிட்டேன்.'